யார் அந்த ஷெஃப்?

“தலைவரே! இந்த வெள்ளக்காரரு கட்டிலுக்கு அடியில ஒரு பொட்டிக்கடையே கீது!”

குரல் மட்டும்தான் வந்தது. குரலுக்குச் சொந்தக்காரியான தனக்கோடி இடுப்புவரை கட்டிலுக்கு அடியில் இருந்தாள். துப்பறிவாளர் வேதசிரோமணி, சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமைச் சட்டை கசங்காமல் மெல்லக் குனிந்து பார்த்தார். சுவரோரமாக கோக் பாட்டில்கள். சிலவற்றில் தூசி, சில புதுசு. ஒன்றுகூட மூடி திறக்கப்படவில்லை.

“குடிக்காத மனுஷன் எதுக்கு இத்தனை கோக் வாங்கி அடுக்கணும்?”

“நம்மூர்ல பொண்ணு பொறந்தா தங்கம் சேக்கறாப்போல அவங்க ஊர்ல இத்த சேக்கறாங்களோ இன்னாவோ!” தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தாள் தனக்கோடி.

இவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தாம்பரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவள். ஊருக்கெல்லாம் செல்போன் வந்தது, பூத்துக்குப் பூட்டு வந்தது. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அடுத்தவர் பேசுவதைக் கேட்டே பழகிய காது சும்மா இருக்குமா? வேதசிரோமணியின் துப்பறியும் நிறுவனத்தில் உதவியாளராக வந்து உட்கார்ந்துவிட்டாள். டீ மாஸ்டர், பஸ் கண்டக்டர், போலீஸ் ஏட்டு, யாராக இருந்தாலும் அவளுக்குத் ‘தலைவரே’தான். முதலாளியும் அதில் ஒருத்தர், அவ்வளவே.

இவர்கள் நின்றுகொண்டிருந்த அறை முடிச்சூரில், வயலை மண்போட்டு மூடி மனை போட்ட ஒரு நகரில், புதிதாக எழும்பிய விருந்தினர் விடுதியின் மாடியில் இருந்தது. அறைக்காரர் வெர்னர், ஜெர்மன் இன்ஜினீயர். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் இந்த விடுதியின் முதலாளி எட்மண்ட் நடத்தும் பிரேக் பாகங்கள் தொழிற்சாலைக்குத் தரம் பார்த்துக் கையெழுத்துப் போட வந்தவர். நேற்று, சனிக்கிழமை மதியம், விடுதியின் மொட்டைமாடியிலிருந்து கீழே விழுந்தார். பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணல்மேட்டில் விழுந்ததால் உயிர் தங்கியது. நினைவு தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கண் மூடிக் கிடக்கிறார்.

கண் மூடுவதற்கு முன் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். ஷெஃப்.

எட்மண்ட்தான் போலீசுக்கு அதை விளக்கினார். ஷெஃப் என்றால் சமையல்காரர். விடுதியின் சமையல்காரர் ஜலால். வெர்னருக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை, ஆளை மாற்றச் சொன்னார், அந்த ஆத்திரத்தில் ஜலால் தள்ளிவிட்டார். கணக்கு நேராகத்தான் இருந்தது. சாயங்காலம் டீ நேரத்துக்கு இன்ஸ்பெக்டர் சுந்தர்சிங் ஜீப்போடு வந்து ஜலாலை ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

“சிரோ, நீ முன்னாடி போய்ப் பேசிப் பாருடா,” என்று காலையில் ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் எட்மண்ட் கையைப் பிடித்துக்கொண்டார். “பதினாலு வருஷமா என் உப்பைப் போட்டு எனக்குச் சமைச்சவன். தானா ஒத்துக்கிட்டா அடியாவது மிச்சம். எனக்கு ஜெர்மன் ஒரு வார்த்தை வராது, ரெண்டு வருஷம் சுவிஸ்ல வேலை பார்த்தப்பகூட இங்கிலீஷ்லயே ஓட்டிட்டேன். ஆனா ஷெஃப்னா என்னன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே!”

எட்மண்ட் சொன்னால் வேதசிரோமணிக்கு அது வேதவாக்கு. ஒரே பெஞ்சில் படித்தவர்கள், ஒரே பாடகர் குழுவில் பாடுகிறவர்கள். இன்சூரன்ஸ் கம்பெனி வேலை போய், வீட்டில் மனைவிகூட முகம் கொடுத்துப் பேசாத நாட்களில், “உனக்குன்னு ஒரு தொழில் பண்ணுடா” என்று மேற்குத் தாம்பரத்தில் தனக்குச் சொந்தமான ஒரு கடையின் மாடியறையைத் திறந்துவிட்டவர் எட்மண்ட். அந்த மனுஷனுக்காக ஞாயிற்றுக்கிழமை பிரியாணியையே விட்டுவிட்டு வந்திருந்தார் வேதசிரோமணி.

அடுக்களையில் ஜலால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஊரே தன்னைக் கொலைகாரன் என்கிறபோதும் மேலே மூன்று பேருக்கு மதியச் சாப்பாடு போட வேண்டுமே என்ற கவலைதான் அவருக்கு.

“பாய், நேத்து என்ன நடந்தது?”

“பின்னால தொப்புனு சத்தம் கேட்டுச்சு சார். ஓடிப் போய்ப் பாத்தா மணல்ல கெடக்கறாரு. ஆட்டோ புடிச்சி மடியில போட்டுக்கினு போனேன். வழியெல்லாம் ஷெஃப்… ஷெஃப்ன்னாரு. என்னையதான் கூப்புடறாருன்னு நெனச்சி, ‘நான்தான் சார், நான்தான், இங்கதான் கீறேன்’னு சொல்லிக்கினே போனேன்.”

வேதசிரோமணிக்கு இப்போது விளங்கியது. ஆட்டோக்காரர் போலீசில் சொன்னது இதைத்தான். வெள்ளைக்காரர் ‘ஷெஃப்’ என்றார், பாய் ‘நான்தான்’ என்றார். ஆறுதல் சொன்ன வாய் அங்கே ஒப்புதல் வாக்குமூலமாகிக் கிடந்தது.

“ஐயே, நீ இன்னா பாய்!” தனக்கோடி தலையில் அடித்துக்கொண்டாள். “கழுத்துல போட கவுறு தேடறாங்க, நீயே முடிச்சிப் போட்டுக் குடுத்துட்டு வந்துகிறியே!”

“எனக்கு இன்னா தெரியும்மா? மொதலாளி பாத்துப்பாரு.” ஜலால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. “ஆனா சார், ஒண்ணு. அவரு எப்பவும் என்ன ஷெஃப்னு கூப்புட்டதே இல்ல. நேத்துதான் புதுசா.”

“பின்ன எப்படிக் கூப்பிடுவார்?”

“கூப்பிடவே மாட்டாரு. கோக்தான் கேப்பாரு.”

வேதசிரோமணி நிமிர்ந்தார். “என்னது?”

“வந்த நாள்லேர்ந்து அப்படித்தான் சார். அடுக்களைப் பக்கம் வந்து, ‘ஆ, கோக்!’ம்பாரு. சிரிப்பாரு. சரி, ஆசையா கேக்கறாரேன்னு தெனம் ஒரு பாட்டில் வாங்கியாந்து ரூம்ல வெச்சிடுவேன். வெச்சதும் திரும்ப என்னையப் பாத்து, ‘கோக், கோக்’னு நெஞ்சத் தொட்டுக் காட்டுவாரு. இன்னொண்ணு கேக்கறாருன்னு மறுநாள் ரெண்டா வாங்கியாருவேன்.”

தனக்கோடி அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அடுக்களையே அதிரச் சிரித்தாள். வேதசிரோமணி சிரிக்கவில்லை. யார் நெஞ்சை?

“அவர் நெஞ்சையா, உங்க நெஞ்சையா பாய்?”

“என் நெஞ்சத்தான் சார்.”

ஆக, அது பாட்டில் இல்லை. அது ஆள். வெர்னர் இந்த மனுஷரைக் கூப்பிட வேறொரு வார்த்தை வைத்திருந்தார், தினமும் அதைத்தான் சொன்னார். உயிர் போகிற நேரத்தில், மடியில் வைத்துத் தூக்கிப்போகும் அதே ஆளை எதற்குப் புதுப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்?

மாடி ஹாலில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று வெள்ளைக்காரர்கள். ஓர் இங்கிலாந்துக்காரர், ஒரு பிரெஞ்சுக்காரர், ஒரு சுவீடன்காரர். மூவரும் எட்மண்டின் தொழிற்சாலையில் இயந்திரம் பூட்ட வந்தவர்கள். வேதசிரோமணி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, வளைக்காமல் நேராக ஆங்கிலத்தில் கேட்டார். நாம் தமிழிலேயே கேட்போம்.

“ஒரு சின்ன விளையாட்டு. நான் ஒரு வார்த்தை சொல்வேன். சொன்னதும் அந்த ஆள் இருக்கும் பக்கம் விரலை நீட்ட வேண்டும். தயாரா? ஷெஃப்!”

இங்கிலாந்துக்காரரின் விரல் கீழே அடுக்களைப் பக்கம் போனது. பிரெஞ்சுக்காரர் விரலை நீட்டவே இல்லை. “எந்த ஷெஃப்?” என்று கேட்டார். சுவீடன்காரரின் விரல் சுவருக்குப் போனது. அங்கே விடுதித் திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டும் எட்மண்டின் பெரிய படம் மாட்டியிருந்தது.

மேசைத் தட்டிலிருந்து தனக்கோடியின் வாய்க்குப் போய்க்கொண்டிருந்த வறுவல் பாதியில் நின்றது.

“அவர் சமையல்காரர் இல்லையே?” என்றார் வேதசிரோமணி.

“எங்கள் மொழியில் ஷெஃப் என்றால் மேலதிகாரி. முதலாளி,” என்றார் சுவீடன்காரர். “சமைக்கிறவருக்கு வேறு வார்த்தை இருக்கிறது.”

“ஜெர்மனியிலும்?”

“ஜெர்மனியிலும் அப்படித்தான். ஷெஃப் என்றால் முதலாளி. சமையல்காரருக்கு அவர்கள் சொல்வது…” தொண்டையைக் கனைப்பது போல ஒரு சத்தம் எழுப்பினார். “கோஹ்.”

கட்டிலடிக் கடையின் மர்மம் அத்தோடு தீர்ந்தது. “அடப்பாவமே,” என்று தனக்கோடி முணுமுணுத்தாள். “அந்த ஆளு மரியாதையா ‘சமையல்காரரே’ன்னு கூப்ட்டுகிறாரு. இந்தாளு பாட்டில் பாட்டிலா வாங்கியாந்து அடுக்கிகிறாரு.”

பிரெஞ்சுக்காரருக்கு மட்டும் ரோஷம் வந்துவிட்டது. அது தங்கள் வீட்டு வார்த்தை என்றார். லத்தீனில் ‘கபுத்’ என்றால் தலை. தலை தேய்ந்து ஷெஃப் ஆனது. ரயில் நிலையத்துக்கு ஒரு ஷெஃப் உண்டு, அலுவலகத்துக்கு ஒரு ஷெஃப் உண்டு, அடுக்களைக்கும் ஒரு ஷெஃப் உண்டு. ஸ்பெயின்காரன் எங்களிடமிருந்து வாங்கிப் போய் ‘ஹெஃபே’ ஆக்கினான், அது முதலாளி. இத்தாலிக்காரனுக்கு அதே தலை ‘காப்போ’, கும்பலுக்குத் தலைவன். “இந்த இங்கிலீஷ்காரர்கள்தான் ‘அடுக்களைத் தலைவர்’ என்ற எங்கள் சொல்லில் அடுக்களையை வெட்டிப் போட்டுவிட்டு, தலைவரை மட்டும் கொண்டுபோய் அடுப்படியில் நிற்க வைத்தவர்கள்!”

“எங்களுக்குப் பசி அதிகம்,” என்றார் இங்கிலாந்துக்காரர்.

“தலை… தலைவர்,” என்று வேதசிரோமணி சொல்லிப் பார்த்தார். திரும்பித் தனக்கோடியைப் பார்த்தார்.

“இன்னா தலைவரே?” என்றவள், தன் வாயில் வந்த வார்த்தையைத் தானே கேட்டு முழித்தாள். “அட, ஆமாம்பா! டீ மாஸ்டரும் எனக்கு தலைவர்தான், நீயும் தலைவர்தான். எவனாச்சும் என்னத் தள்ளிவுட்டு நான் ‘தலைவரே’ன்னு மொனகினா, போலீசு டீ மாஸ்டர இல்ல புடிச்சிக்கினு பூடும்!”

சுவீடன்காரருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இதைவிட வம்பான வார்த்தை ஒன்று இருக்கிறது என்றார். கிஃப்ட். ஆங்கிலத்தில் அது பரிசு. ஜெர்மனில் அது விஷம். “எங்கள் சுவீடிஷ் மொழியில் விஷமும் அதுதான், கல்யாணமானவர் என்பதும் அதுதான்!”

“இதுல இன்னா அதிசயம்?” என்றாள் தனக்கோடி. “நாமகூட பரிசு குடுக்கறோம், வெஷம் குடுக்கறோம், பொண்ணு குடுக்கறோம். எல்லாம் குடுக்கறதுதான? வாங்கிக்கறவன் தலையெழுத்து வேற வேற.”

வேதசிரோமணி அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் மேசையே சிரித்தது. வேரும் அதுதான், கொடுப்பது என்றுதான் பிறந்தது அந்த வார்த்தை என்று சுவீடன்காரர் தனக்கோடியிடம் கை குலுக்கினார்.

சிரிப்பு அடங்கியதும் ஒரே கேள்விதான் கேட்டார் வேதசிரோமணி. “வெர்னருக்கு சாப்பாடு பிடிக்கவில்லையாமே?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “யார் சொன்னது? இரண்டு முறை வாங்கிச் சாப்பிடுவார். அவருக்குப் பிடிக்காதது தொழிற்சாலையின் இரும்பு வார்ப்பு. பிரேக் பாகங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறது, கையெழுத்துப் போட மாட்டேன் என்று வெள்ளிக்கிழமையே எட்மண்டிடம் சொல்லிவிட்டார்.”

வேதசிரோமணி படியில் இறங்கினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“தலைவரே, அந்த எட்மண்டு…”

“வாயை மூடு தனம்!” என்றார். இதுவரை அவளை அவர் அதட்டியதில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இருக்காது. அடிபட்டவன் முதலாளியைக் கூப்பிடுங்கன்னு உதவிக்குக்கூடச் சொல்லியிருக்கலாம். எட்மண்டுக்கு ஜெர்மன் தெரியாது. தெரியாம ஷெஃப்னா சமையல்காரன்னு சொல்லிட்டான். நானும் அப்படித்தான நினைச்சேன்? நீயும் அப்படித்தான நினைச்ச?”

“தெரிஞ்சே சொல்லியிருந்தா?”

அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு என்று அவருக்கும் தெரியும். வார்த்தையின் அர்த்தம் தெரிந்தும் ஒருவன் அதைச் சமையல்காரன் தலையில் கட்டினான் என்றால், கட்டியவன்தான் அந்த வார்த்தைக்குச் சொந்தக்காரன்.

கீழே அடுக்களையில் ஜலால் உலை வைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் அந்தக் கையில் விலங்கு.

“உன் செல்லை எடுத்துக்கிட்டு பின்பக்கம் போ,” என்றார் வேதசிரோமணி. “இன்ஸ்பெக்டரும் எட்மண்டும் வந்து உட்கார்ந்ததும் என் செல்லுக்குக் கூப்பிடு. ஆஸ்பத்திரி ஆயா கங்கையம்மாள் பேசறதா நான் பேசிக்கிறேன்.”

“நான் இன்னா பேசறது?”

“நீ எதுவும் பேச வேண்டாம். ஜெபம் பண்ணு. எட்மண்ட் என்னை ஒரு கேள்வி கேக்கணும்னு ஜெபம் பண்ணு.”

எந்தக் கேள்வி என்று அவர் சொல்லவில்லை.

டீ நேரத்துக்கு ஜீப் வந்தது. பின்னாலேயே எட்மண்டின் கார். இன்ஸ்பெக்டர் சுந்தர்சிங் பிரம்பு நாற்காலியில் சாய்ந்தார். எட்மண்ட் நண்பனின் தோளில் கை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆராதனைக்குப் பூசிய அத்தர் வாசனை இன்னும் போகவில்லை. ஜலால் தட்டில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றார்.

“ஒத்துக்கிட்டானாடா?” என்றார் எட்மண்ட்.

வேதசிரோமணியின் செல்போன் அலறியது.

“ஹலோ… யாரு, கங்கையம்மாளா? சொல்லும்மா… என்னது! கண் முழிச்சிட்டாரா?”

தோளிலிருந்த கை இறுகியது. வேதசிரோமணி அதை உணர்ந்தார்.

“பேசறாரா? என்ன பேசறார்?… ஒரே வார்த்தையா? சரிம்மா, சரிம்மா.” போனை அணைத்தார். “வெர்னர் கண் முழிச்சிட்டாராம் சார். ஆனா ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்றாராம். கிஃப்ட், கிஃப்ட்னு.”

என்ன கிஃப்ட்டுடா என்று கேள், எட்மண்ட். யாருக்கு கிஃப்ட் என்று கேள். கேட்டுவிடு, உன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். மனசுக்குள் கெஞ்சினார் வேதசிரோமணி.

“கிஃப்ட்டா?” என்று கேட்டது இன்ஸ்பெக்டர். “பொண்டாட்டிக்கு ஏதாச்சும் வாங்கி வச்சிருப்பார்போல.”

எட்மண்ட் துள்ளி எழுந்தார். “விஷமா! அடப்பாவி பாய், தள்ளிவிட்டது பத்தாதுன்னு சாப்பாட்டுலயும் விஷம் வச்சியா? சார், இவனை இப்பவே பிடிச்சு உள்ளே…”

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. எல்லோரும் தன்னையே பார்ப்பதை ஏதோ ஒரு கணத்தில் கவனித்துவிட்டார்.

“விஷம்னு யார் சொன்னா எட்மண்ட்?” என்றார் வேதசிரோமணி. “நான் கிஃப்ட்னு சொன்னேன். இன்ஸ்பெக்டர் காதுல அது பரிசுன்னு விழுந்தது. இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்ச எந்தக் காதுலயும் அப்படித்தான் விழும். உன் காதுல மட்டும் ஏன் விஷமா விழுந்தது?”

“அது… சிரோ, ஜெர்மன்ல…”

“சொல்லு. ஜெர்மன்ல?”

எட்மண்ட் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“ஒரு வார்த்தை வராதுன்னு கோயில் வாசல்ல வச்சுச் சொன்னியேடா. பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம், சின்னதா ஒண்ணு கேக்கறேன். ஜெர்மன்ல ஷெஃப்னா யாரு?”

“பேஜாரா கீதே,” என்று வாசலில் ஒரு குரல். தனக்கோடி வந்து நின்றிருந்தாள். “நான் சொல்றேன் இன்ஸ்பெக்டர் தலைவரே. மேல சொவுத்துல படத்துல ரிப்பன் வெட்டிக்கினு நிக்கறாரே, அவுரு.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் நிமிர்ந்தார். எட்மண்ட் சட்டென்று சுதாரித்துக்கொண்டார். கெட்டிக்காரர் ஆயிற்றே. “சரி, கொஞ்சம் ஜெர்மன் தெரியும். அது குத்தமா? நான் நேத்து மதியம் சிங்கப்பெருமாள் கோவில்ல இருந்தேன். இந்தப் பக்கம் வரவே இல்லை. யாராவது பார்த்ததா சொல்லட்டும்!”

யாரும் சொல்லவில்லை. மேலே இருந்த மூவரும் அப்போது தொழிற்சாலையில் இருந்தவர்கள். எட்மண்டின் முகத்தில் ரத்தம் திரும்ப வந்தது.

“மொதலாளி.”

சுவரோரமாக நின்ற ஜலால்தான். டீ கொண்டுவந்த தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

“நேத்து பின்பக்க கேட்டு வழியா வந்தீங்க. டீ போட்டுக் குடுத்தேன். வெர்னர் சார் கோவமா கீறாரு, நான் வந்தத யார்கிட்டயும் சொல்லாத பாய்னு சொல்லிட்டு மொட்டமாடிக்கிப் போனீங்க. நான் சொல்லல மொதலாளி. போலீசு கேட்டப்பகூட சொல்லல. ஆட்டோக்காரன் என்மேல சொல்றான்னு தெரிஞ்சப்பவும் சொல்லல. நம்ம விடுதி பேர காப்பாத்தத்தான் மொதலாளி கம்முனு இருக்காருன்னு நெனச்சேன்.” மூச்சு வாங்கியது அவருக்கு. “ஷெஃப்னா சமையக்காரன்னு போலீசுல சொல்லிக் குடுத்தது நீங்களா?”

எட்மண்ட் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்த ஒன்று போதும், இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எட்மண்ட் நிறையப் பேசினார். கையெழுத்து மட்டும்தான் கேட்டாராம். மாட்டேன் என்றானாம். சட்டையைப் பிடித்து உலுக்கினாராம். கைப்பிடிச் சுவர் குட்டையாம். விரிசல் விட்ட பிரேக்கை நம்பி ரோட்டில் ஓடப்போகும் கார்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வேதசிரோமணி கேட்டுக்கொண்டே இருந்தார், எதுவும் காதில் ஏறவில்லை.

“எட்மண்ட், இதுக்கு என்னை எதுக்குடா கூப்பிட்ட?” என்றார் கடைசியில். “ஊர்ல வேற ஆளே இல்லையா?”

எட்மண்டின் தலை நிமிர்ந்தது. “போலீசுக்கு சந்தேகம் வரலாம். யாருக்கு வேணா வரலாம். உனக்கு மட்டும் என் மேல வராதுன்னு நினைச்சேன்.”

முட்டாள் என்று திட்டியிருந்தால்கூட வேதசிரோமணி தாங்கியிருப்பார். தன் நட்பை எடை போட்டுப் பார்த்து, இது ஒரு குற்றத்தை மூடி மறைக்கிற அளவுக்குத் தாங்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறான் இவன். அதுதான் தாங்கவில்லை.

“வராதுதான். நீ ‘விஷமா’ன்னு கத்துற வரைக்கும் வரலை.”

“வெர்னர் கண் முழிச்சு என்ன சொன்னான்? என்னைத்தான் சொன்னானா?” ஜீப்பில் ஏறும்போது எட்மண்ட் கேட்டார்.

“அவர் இன்னும் முழிக்கலை. யாரும் போன் பண்ணலை.”

எட்மண்டின் வாய் திறந்தபடியே நின்றது. “சிரோ! நீயா? நீயா என்கிட்ட பொய் சொன்ன?”

நிஜமாகவே வலித்த முகம். சாட்சாத் துரோகம் செய்யப்பட்டவனின் முகம்.

“ஆமாடா,” என்றார் வேதசிரோமணி. “முதல் தடவை.”

ஜீப் போன புழுதி அடங்க நேரம் பிடித்தது. உள்ளே வந்தபோது தட்டில் டீ ஆறிக்கிடந்தது. ஜலால் ஒரு டம்ளரைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

“மொதலாளிக்கு சக்கர ஆவாதுன்னு தனியாப் போட்டேன் சார். பழக்கம். இத்த இன்னா பண்றது?”

வேதசிரோமணி கை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். நின்றபடியே குடித்தார். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

“தலைவரே…” என்று தனக்கோடி ஆரம்பித்தாள்.

“தனம், இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் அந்த வார்த்தை வேண்டாம்.”

தனக்கோடி டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். ஜலால் பிளாஸ்கைக் கழுவிக் கஞ்சி ஊற்றி மூடினார். ஆஸ்பத்திரியில் அந்த மனுஷன் எந்த நேரமும் முழித்துக்கொள்ளலாம் என்றார். வாசல்வரை போனவர் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினார், மாடியேறிப் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

“அவரு கேட்டது இத்த இல்லன்னு தனக்கோடியம்மா சொல்லிச்சி சார்,” என்றார் ஜலால். “ஆனா என்னைய மரியாதையா ‘சமையக்காரரே’ன்னு கூப்ட்டவரு அவரு ஒருத்தருதான்.”